முதல் லேபிளில் ஒரு மிரட்டல்

அத்தியாயம் நான்கு

தொப்பிக் கடைக்காரருக்குப் போன பெட்டியில் பெயர் சரியாக இருந்தது. முகவரி சரியாக இருந்தது. எடைகூட ஒரு கிராம் பிசகவில்லை. லேபிளின் அடியில், 'குறிப்பு' என்ற சின்னக் கட்டத்தில் மட்டும் இப்படி அச்சாகியிருந்தது: "லை தப்பாது அற்பனே. நாளை உ".

தொப்பி விற்றுப் பிழைக்கிறவரிடம் தலையைப் பற்றி இப்படிப் பேசினால் என்ன ஆகும்? கடையைச் சாத்திவிட்டு நேராகக் காவல் நிலையத்துக்குப் போய்விட்டார். பல் மருத்துவருக்கு வந்தது, "ற்களை எண்ணி வைத்துக்கொள். இ". மெத்தைக் கடைக்கு வந்தது, "ன் உறங்கும் கடைசி இரவு இதுவே. ஏ". மூன்று வாரத்தில் இப்படி ஏழு புகார்கள்.

பார்சல் அலுவலகத்தின் பின்னறை மேஜையில் ஏழு லேபிள்களையும் வரிசையாக அடுக்கிவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார் நிதானம். அது அவருக்குப் பெற்றோர் வைத்த பெயரல்ல. உடன் வேலை செய்தவர்கள் பொறுமை இழந்து வைத்தது. கணினிகளுக்குள் நடக்கும் குற்றங்களைத் துப்பறிவது தொழில், ஐம்பத்திரண்டு வயதுப் பெண்மணி, எந்தப் படியிலும் இரண்டு கால்களையும் வைத்த பிறகே அடுத்த படியைப் பார்ப்பவர்.

பக்கத்தில் நின்றவன் அவருடைய உதவியாளன் அரட்டை. பெயருக்கு விளக்கம் தேவையில்லை. ஆனால் அன்று அவன் பேச்சில் பாதி புலம்பல். காரணம், குற்றம் சாட்டப்பட்டிருந்தவர் அவனுடைய மாமியார்.

லேபிள் கவுண்டரில் இருபத்தாறு வருடமாக உட்கார்ந்திருக்கும் அந்த அம்மாளை அரட்டை 'அத்தை' என்று கூப்பிடப்போய், இப்போது மூட்டை தூக்குகிறவர் முதல் வேன் ஓட்டுநர் வரை எல்லோருக்குமே அவர் அத்தை. இன்னும் பதினோரு மாதத்தில் ஓய்வு. அந்தப் பதினோரு மாதத்துக்குள் 'மிரட்டல் எழுதி அனுப்பியவர்' என்ற பெயரோடு வெளியே போகவேண்டிய நிலைமை. பணிநீக்க உத்தரவை மேனேஜர் அன்று பன்னிரண்டு மணிக்கே அடித்து, உறையில் போட்டு, தலைமை அலுவலகப் பையில் சேர்த்துவிட்டார். நான்கு மணி வேனில் பை கிளம்பிவிடும். கிளம்பிவிட்டால் அதைத் திருப்ப யாராலும் முடியாது.

"உத்தரவு போயிடுச்சுன்னா அலுவலகக் குடியிருப்பைக் காலி பண்ணணும் மேடம். அப்புறம் அத்தை எங்க வீட்டுக்குத்தான் வரணும்" என்றான் அரட்டை. "எங்க வீட்ல மொத்தமே ஒரு ரூம். மாமியாரைக் காப்பாத்த இவ்வளவு துடிக்கிற மருமகன் உலகத்துல நான் ஒருத்தன்தான் இருப்பேன்."

"காதுல விழுது மாப்பிள்ளை" என்றது கவுண்டர் பக்கத்திலிருந்து ஒரு குரல்.

நிதானம் எதையும் கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. ஒவ்வொரு லேபிளின் வலது மூலையிலும் விரலை வைத்துக்கொண்டே போனார். அங்கே வரிசை எண் இருந்தது. ஒன்று. ஒன்று. ஒன்று. ஏழு லேபிள்களும், அந்தந்த நாளின் முதல் லேபிள்கள்.

அத்தையைக் கூப்பிட்டுக் கேட்டார். அத்தை குறிப்புக் கட்டத்தில் ஒரு நாளும் எதுவுமே அடித்ததில்லை என்றார். அனுப்புகிறவர்கள் கேட்டால் பெட்டியின் மேலேயே பேனாவால் எழுதிவிடுவாராம். காலையில் வந்ததும் சுவரில் ஒட்டியிருக்கும் விதிப்படி மெஷினின் மறுதொடக்கப் பட்டனை அழுத்துவது, பிறகு லேபிள் அடிப்பது, இதுதான் வழக்கம்; இரவில் மெஷினை அணைப்பதில்லை. முதல் புகார் வந்த பிறகு உற்றுப் பார்க்க ஆரம்பித்தார். ஒருநாள் முதல் லேபிளில் ஏதோ கன்னாபின்னாவென்று இருக்க, கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி அடித்தார். இரண்டாவது சுத்தமாக வந்தது. கிழித்ததை மட்டும் மேனேஜர் பார்த்துவிட்டார். 'ஆதாரத்தை அழித்தார்' என்று உத்தரவில் அதுவும் ஒரு பத்தியாக ஏறிவிட்டது.

"எல்லா நாளும் இப்படி வருதா?" என்று நிதானம் கேட்டார்.

அத்தை யோசித்தார். புதன்கிழமையும் சனிக்கிழமையும் வருவதில்லை. அந்த இரண்டு நாளும் காலையில் தரை மெருகு போடுகிறவர் வருவார். கவுண்டர் பக்கம் இருப்பது ஒரே ஒரு பிளக். லேபிள் மெஷினின் வயரைப் பிடுங்கிவிட்டுத் தன் மெஷினைச் சொருகுவார். அரை மணி நேரம் கழித்துத் திரும்ப இதைச் சொருகிவிட்டுப் போவார்.

"அப்ப தரை பளபளன்னு இருந்தா அத்தைக்குக் கொலைவெறி வரலை" என்றான் அரட்டை. "இதை வக்கீல்கிட்ட சொன்னா தரையைக் கூட்டிட்டு வாங்கன்னு சொல்லுவார்."

மேனேஜர் உள்ளே வந்தார். ஒல்லியான மனிதர். நெற்றியில் நிரந்தரமாக ஒரு மடிப்பு. தனக்குச் சந்தேகமே இல்லை என்றார். அந்த மெஷின் பக்கத்தில் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பது இவர் ஒருவர்தான். இவருடைய வாயும் ஊரறிந்தது. போன வருடம் ஒரு வாடிக்கையாளரிடம், முகவரியைப் பார்த்தால் கோழி நடந்துபோனது மாதிரி இருக்கிறது என்று சொன்னவர்தானே?

"வசனத்தை அப்படியே, வார்த்தைக்கு வார்த்தை அச்சடிச்சு ஊரெல்லாம் அனுப்பியிருக்காங்க" என்று முடித்தார்.

நிதானம் தலையாட்டினார். மேனேஜர் போன பிறகு, கடைசியாக இருந்த மெத்தைக் கடை லேபிளைக் கையில் எடுத்தார்.

"இதுல எனக்கு ஒண்ணு புரியலைப்பா. ஒருத்தரை மிரட்டணும்னா நீ எங்கேருந்து ஆரம்பிப்பே?"

"தூரத்துலேருந்து மேடம். ஓடறதுக்கு வசதியா."

"வாக்கியத்தைச் சொன்னேன். ஏழு மிரட்டலும் வார்த்தைக்கு நடுவுல ஆரம்பிக்குது. வார்த்தைக்கு நடுவுல முடியுது. எந்த மனுஷனும் 'லை தப்பாது'ன்னு ஆரம்பிச்சுக் கோபப்பட மாட்டான். இதை யாரும் அடிக்கலை. எங்கேயோ கிடந்ததை ஏதோ ஒண்ணு கத்தரிச்சு எடுத்திருக்கு."

அவர் லேபிள் மெஷினைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பார்த்தார். அதைச் செய்த கம்பெனியின் முகவரி ஒட்டியிருந்தது. இரண்டு தெரு தள்ளி, மூன்றாவது மாடி. மணி ஒன்று பத்து.

*

அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் இல்லை. அரட்டை மூன்றாவது மாடிக்குப் போய், மூச்சு வாங்கி, முகத்தைத் துடைத்து, சுவரில் இருந்த தீயணைப்பு விதிகளை முழுவதும் படித்து முடித்தபோது நிதானம் இரண்டாவது மாடியைத் தாண்டிக்கொண்டிருந்தார்.

கம்பெனி என்பது ஒரே அறை. நான்கு மேஜை, மூன்று பேர், தரையெல்லாம் வயர். இரண்டு பேர் சாப்பிடப் போயிருந்தார்கள். மூன்றாமவர்தான் லேபிள் மெஷினுக்குக் கெர்னல் எழுதியவர். தாடி வைத்திருந்தார், அல்லது சவரம் செய்ய மறந்திருந்தார். விஷயத்தைக் கேட்டதும் சிரித்தார். தன் கெர்னல் ஆறு வருடமாக ஓடுகிறது, இதுவரை ஒரு குறைகூட வந்ததில்லை, மிரட்டல் விடுகிற வசதியை யாரும் கேட்கவும் இல்லை என்றார்.

அரட்டை, கெர்னல் என்றால் என்ன என்று தனக்குத் தெரியும், ஆனால் அத்தைக்குச் சொல்லவேண்டும், அதனால் யாராவது எளிமையாகச் சொன்னால் தேவலை என்றான்.

நிதானத்துக்கு இந்த மாதிரிக் கேள்வி என்றால் உயிர். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். அரட்டை கடிகாரத்தைப் பார்த்தான். ஆனாலும் கேட்டான்.

ஒரு லாட்ஜை நினைத்துக்கொள் என்றார் நிதானம். மெஷினின் நினைவகம்தான் லாட்ஜ். வரிசையாக அறைகள், எல்லாம் ஒரே அளவு. வாசலில் சாவிக் கொத்தோடு உட்கார்ந்திருப்பவர்தான் கெர்னல். லேபிள் அடிக்கும் புரோகிராம், அதாவது நிரல், வந்து இடம் வேண்டும் என்றால் ஓர் அறையின் சாவியைக் கொடுப்பார். கடிதம் அடிக்கும் நிரல் வந்தால் வேறொரு சாவி. வேலை முடிந்து நிரல் கிளம்பியதும் பதிவேட்டில் அதன் பெயரை அடித்துவிட்டுச் சாவியைத் திரும்பத் தொங்கவிடுவார். இங்கேதான் வேடிக்கை. நாம் 'அழித்துவிட்டேன்' என்று சொல்கிறோமே, அது பெரும்பாலும் பதிவேட்டில் ஒரு கோடு மட்டும்தான். அறைக்குள் யாரும் போய்ப் பார்ப்பதில்லை. போனவர் விட்டுப்போன சீப்பு, சட்டை, பாதிக் கடிதம் எல்லாம் அப்படியே கிடக்கும்.

"அடுத்து வர்றவனுக்கு அந்தச் சீப்பு கிடைக்கும்" என்றான் அரட்டை.

"நல்ல கெர்னலா இருந்தா கிடைக்காது. சாவி கொடுக்கறதுக்கு முன்னாடி அறையைக் கூட்டிப் பெருக்கிடும். இடம் முழுக்கப் பூஜ்யமா எழுதிடும்."

கெர்னல்காரர் இடையில் புகுந்தார். தன் லாட்ஜில் பெருக்கவேண்டிய அவசியமே இல்லை என்றார். மெஷினைப் போட்டவுடன் எல்லா அறையும் தானாகவே காலியாகத்தான் இருக்கும். தினமும் காலையில் மெஷினைப் புதிதாகத் தொடங்கச் சொல்லி அதற்காகத்தான் சுவரில் ஒட்டச் சொல்லியிருக்கிறார். ஆயிரம் முறை சோதித்தாகிவிட்டது. சந்தேகம் இருந்தால் கண் முன்னாலேயே காட்டுகிறேன் என்றார்.

மேஜைமேல் ஒரு சோதனை மெஷின் இருந்தது, பார்சல் அலுவலகத்தில் இருந்ததன் அச்சு அசல். எதையாவது நீளமாக அடிக்கச் சொன்னார். அரட்டை கடித நிரலைத் திறந்து, 'மேடம் எனக்கு லீவு வேணும்' என்று ஐம்பது தடவை அடித்தான். மனப்பூர்வமாக அடித்தான். பிறகு அதை அழித்து, நிரலை மூடினான். கெர்னல்காரர் மேஜைக்கு அடியில் குனிந்து, சுவரிலிருந்து வயரைப் பிடுங்கினார். பத்து வரை எண்ணினார். சொருகினார். மெஷின் உயிர்பெற்றதும் ஒரு லேபிள் அடித்தார். குறிப்புக் கட்டம் வெள்ளையாக இருந்தது.

இன்னொரு முறையும் செய்தார். வெள்ளை.

"போதுமா?" என்று எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டார்.

நிதானம் லேபிளைப் பார்க்கவே இல்லை. அவர் பார்த்துக்கொண்டிருந்தது அந்த முழங்கால்களை. பேன்ட் இரண்டு முழங்காலிலும் தேய்ந்து நரைத்திருந்தது.

"ஒவ்வொரு தடவையும் குனிஞ்சு வயரைப் பிடுங்கறீங்களே, மறுதொடக்கப் பட்டன் இருக்குமே. அதை ஏன் அழுத்தலை?"

கெர்னல்காரர் ஒரு கணம் விழித்தார். பட்டனா? அது நாலு வருடத்துக்கு முன்பே, இல்லை, ஆறு வருடமாகவே உடைந்துதான் இருக்கிறது. மெஷின் வந்த வாரமே கீழே விழுந்துவிட்டது. பட்டன் இருந்த ஓட்டையில் தூசி போகாமல் இருக்க ஒரு பேனா மூடியைச் சொருகிவைத்திருக்கிறார்கள். அறையில் மூன்று பேருக்கும் வயரைப் பிடுங்கித்தான் பழக்கம்.

நிதானம் அரட்டையைத் திரும்பிப் பார்த்தார். அரட்டை ஏற்கெனவே பேனா மூடியைப் பிடுங்கிக்கொண்டிருந்தான். உள்ளே இரண்டு சின்ன உலோகத் துண்டுகள் பளிச்சென்று தெரிந்தன. பட்டனை அழுத்தினால் அவை ஒன்றையொன்று தொடும், அவ்வளவுதான் அதன் வேலை. நிதானம் தன் பையிலிருந்து ஒரு காகித கிளிப்பை எடுத்து நீட்டினார்.

மறுபடி ஐம்பது தடவை லீவு கேட்கப்பட்டது. அழிக்கப்பட்டது. அரட்டை கிளிப்பை வைத்துத் தொட்டான். திரை அணைந்து, எரிந்தது. முதல் லேபிள் வெளியே வந்தது.

குறிப்பு: "டம் எனக்கு லீவு வேணும் மே".

கெர்னல்காரர் லேபிளை வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். பின்பக்கத்தில் பசைதான் இருந்தது.

"லீவு கிடையாது" என்றார் நிதானம்.

அப்புறம் அவர் விளக்கினார். அவர் விளக்கியபோது கெர்னல்காரரின் முகம், சொந்த வீட்டில் தனக்குத் தெரியாத ஓர் அறை இருப்பதைக் கண்டுபிடித்தவருடையதைப் போல ஆனது. மின்சாரம் புதிதாக வரும்போது, கெர்னல் கண் விழிப்பதற்கு முன்பே, மெஷினின் சர்க்யூட் பலகையில் இருக்கும் ஒரு குட்டித் தொடக்க நிரல் ஓடுகிறது. நினைவகம் ஒழுங்காக இருக்கிறதா என்று ஒவ்வோர் இடத்திலும் எழுதிப் பார்க்கும். முடிவில் எல்லா இடத்திலும் பூஜ்யத்தை எழுதிவிட்டுப் போகும். ஆனால் மறுதொடக்கப் பட்டனை அழுத்தினால், மின்சாரம் போகவே இல்லையே, இப்போதுதானே சோதித்தோம் என்று அந்த நிரல் சோதனையைத் தாண்டிவிடும். நேரம் மிச்சம். நினைவகச் சில்லுகளுக்கோ, அதாவது சிப்களுக்கோ, மின்சாரம் நிற்கவே இல்லை. எழுதியது எழுதியபடியே இருக்கும். ஆக, லாட்ஜில் கெர்னல் ஒரு நாளும் பெருக்கியதில்லை. வயரைப் பிடுங்கிய நாளில் மட்டும் வேறு யாரோ வந்து பெருக்கிவிட்டுப் போனார்கள். அந்தப் பெருமை ஆறு வருடமாகக் கெர்னல் கணக்கில் சேர்ந்துகொண்டிருந்தது.

"அங்க தரை மெருகு போடறவர் வந்தா சுத்தம், வராட்டி கொலை மிரட்டல்" என்றான் அரட்டை. "சார், உங்க கெர்னல்ல பாதி வேலையை அவர்தான் பார்த்திருக்கார். பேரைப் போட்டுருங்க."

கெர்னல்காரர் கணினிப் பக்கம் திரும்பினார். கெர்னலைத் திறந்து, அறைச் சாவி கொடுக்கும் பகுதிக்குப் போனார். அங்கே அவரே ஆறு வருடத்துக்கு முன்பு தனக்காக எழுதிவைத்த குறிப்பு ஒன்று இருந்தது. 'இங்கே சுத்தம் செய்ய வேண்டாம், ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருக்கிறது.' அதை மூன்று முறை படித்தார்.

பிறகு, பார்சல் அலுவலகத்தில் மறுதொடக்கப் பட்டனைப் பிடுங்கிவிட்டு ஒரு பேனா மூடியைச் சொருகிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று ஒரு யோசனை சொன்னார். நிதானம் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அவரே அந்த யோசனையை வாபஸ் வாங்கினார்.

அடுத்த யோசனை கொஞ்சம் மேல். கெர்னல் கண் விழித்தவுடன் ஒரே ஒரு தடவை எல்லா அறையையும் பெருக்கிவிடுவது. நிதானம் அதையும் ஒத்துக்கொள்ளவில்லை. பகல் நேரத்தில் கடித நிரல் கிளம்பி, அதே அறைக்கு லேபிள் நிரல் வந்தால்? லாட்ஜைக் காலையில் ஒரு தடவை பெருக்கினால் போதாது. ஆள் மாறும்போதெல்லாம் பெருக்கவேண்டும். சாவி கைமாறும் அந்த இடத்தில்தான் துடைப்பம் இருக்கவேண்டும்.

நேரமாகுமே என்றார் கெர்னல்காரர். எவ்வளவு என்று கேட்டார் நிதானம். அவர் தாளில் கணக்குப் போட்டார். ஓர் அறைக்கு, கண் சிமிட்டும் நேரத்தில் லட்சத்தில் ஒரு பங்கு.

"நான் காத்துக்கிட்டு இருக்கேன்" என்றார் நிதானம். அவருக்கு அது புதிதல்ல.

எழுதவேண்டியது நான்கே வரி. அந்த நான்கு வரியை எழுத ஐந்து நிமிடம், சோதிக்க ஒரு மணி நேரம். கிளிப்பை வைத்துத் தொட்டுப் பார்த்தார்கள். வயரைப் பிடுங்கிப் பார்த்தார்கள். எதையும் செய்யாமல் நிரலை மட்டும் மூடித் திறந்து பார்த்தார்கள். எல்லாம் வெள்ளை. அரட்டை மொத்தம் எண்ணூறு தடவை லீவு கேட்டிருந்தான்.

படியிறங்கும்போது அவனுக்கு ஒரு சந்தேகம் வந்தது.

"மேடம், கத்தரிச்சது யாருன்னு தெரிஞ்சுடுச்சு. ஆனா அந்தச் சட்டையை லாட்ஜ்ல விட்டுட்டுப் போனது யாரு? முந்தின நாள் சாயங்காலம் அந்த மெஷின்ல யாரோ அற்பனே, கோழையேன்னு அடிச்சிருக்கணும். அது அத்தையா இருந்தா நம்ம கதை கந்தல்."

"ஏழு லேபிளைப் பத்தியும் எல்லாரும் 'மிரட்டல்'னு சொல்றாங்க" என்றார் நிதானம், படியில் இரண்டாவது காலையும் வைத்துவிட்டு. "தொப்பிக்கடைக்காரர், காவல் நிலையம், உங்க அத்தை, நீ. ஒருத்தர் மட்டும் வேற வார்த்தை சொன்னார்."

அரட்டை நின்றுவிட்டான். மேலும் கேட்க நேரமில்லை. மணி மூன்று இருபத்தைந்து.

*

கவுண்டரில் கூட்டம் இல்லை. அத்தை பசைத் துணியால் விரல்களைத் துடைத்துக்கொண்டிருந்தார். கெர்னல்காரர் புதுக் கெர்னல் அடங்கிய சில்லை, முட்டை எடுத்துவருவதுபோல இரண்டு கையாலும் பிடித்திருந்தார். நிதானம் மேனேஜரைக் கூப்பிட்டனுப்பினார். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி வந்தார்.

சில்லை இப்போதைக்கு மாற்றவேண்டாம் என்றார் நிதானம். முதலில் பழைய மெஷினை அப்படியே பார்க்கவேண்டும். பிறகு மேனேஜரிடம், பணிநீக்க உத்தரவை எதில் அடித்தீர்கள் என்று சாதாரணமாக விசாரித்தார். இதில்தான் என்றார் மேனேஜர். கடித நிரல் இருப்பது இந்த மெஷினில் மட்டும்தான். அத்தை சாப்பிடப் போன நேரத்தில் அடித்து, அச்செடுத்து, உடனே அழித்தும் விட்டார். ரகசிய விஷயம் இல்லையா?

நிதானம் பெரிய எழுத்தில் 'மறுதொடக்கம்' என்று போட்டிருந்த பட்டனை அழுத்தினார். இந்த மெஷினில் பட்டன் உடையவில்லை. அத்தையிடம் தன் பெயருக்கு ஒரு லேபிள் அடிக்கச் சொன்னார். அத்தை பெயர், முகவரி, எடை மூன்றையும் அடித்தார். குறிப்பைத் தொடவில்லை. நான்கு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

லேபிள் வெளியே வந்தது. குறிப்பு: "ணி நீக்கம் செய்யப்படுகிறார். இ".

"இதையும் அத்தைதான் அடிச்சாங்களா சார்?" என்றான் அரட்டை. "தன்னைத்தானே வேலையை விட்டுத் தூக்கிட்டாங்களா?"

நிதானம் அவனைக் கையமர்த்திவிட்டு, நடந்ததை மேனேஜருக்குச் சுருக்கமாகச் சொன்னார். சுருக்கம் என்றால் அவருடைய அளவில். லாட்ஜ் வந்தது, சீப்பு வந்தது, பேனா மூடி வந்தது. முந்தின நாள் சாயங்காலம் கடைசியாக யார் என்ன அடித்தாலும், காலையில் முதல் லேபிளில் அதன் ஒரு துண்டு வந்து விழும். முன்பெல்லாம் அலுவலகக் கடிதத்தின் துண்டு விழுந்திருக்கும், யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். அத்தை ஐந்தரைக்குக் கிளம்பிவிடுகிறார். அதற்குப் பிறகு இந்த அறையைப் பூட்டும் சாவி யாரிடம் இருக்கிறது என்று மட்டும் தெரிந்தால் போதும்.

மேனேஜரின் முகத்தில் வரவேண்டியது பயம். வந்தது வேறு. நெற்றியில் இருந்த அந்த நிரந்தர மடிப்பு மெல்ல விரிந்தது.

"அப்ப" என்றார், "என் மூணாவது காட்சியை யாரும் திருடலையா?"

கெர்னல்காரர் ஒன்றும் புரியாமல் சில்லை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

மேனேஜர் நாற்காலியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். மூன்று வாரமாக, எல்லோரும் போன பிறகு, இந்தக் கவுண்டரில் உட்கார்ந்து அவர் ஒரு ராஜா நாடகம் எழுதிவருகிறார். வீட்டில் மனைவிக்குக்கூடத் தெரியாது. ஒரு கொடுங்கோலன், ஒரு தளபதி, நிறைய வாள். தினமும் எழுதியதைத் தன் பென் டிரைவில் ஏற்றிக்கொண்டு மெஷினில் அழித்துவிடுவார். முதல் புகார் வந்தபோது லேபிளைப் பார்த்ததும் அவருக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. தளபதி மூன்றாம் காட்சியில் பேசும் வசனம் அது. யாரோ தன் நாடகத்தைத் தேடிப் படித்து, கேலி செய்து, வரி வரியாகத் தொப்பிக் கடைக்கும் பல் மருத்துவருக்கும் அனுப்புகிறார்கள் என்று முடிவுகட்டிவிட்டார். அலுவலக மெஷினில் சொந்த வேலை செய்தது வெளியே வந்துவிடும் என்பதால் திருட்டு என்று புகார் செய்யவும் முடியவில்லை. மூன்று வாரம் சரியாகத் தூங்கவில்லை. கேலி என்றதும் அவருக்கு ஒரே ஒரு வாய்தான் ஞாபகத்துக்கு வந்தது.

எல்லோரும் அத்தையைப் பார்த்தார்கள். அத்தை பசைத் துணியை மடித்து வைத்தார்.

"நான் படிச்சிருந்தா பெட்டியில ஒட்டி அனுப்பியிருக்க மாட்டேன் சார். உங்க ரூமுக்கு வந்து நல்லா இருக்குன்னோ நல்லா இல்லைன்னோ மூஞ்சிக்கு நேரா சொல்லியிருப்பேன். இருபத்தாறு வருஷமா என்னைப் பார்க்கறீங்க."

மேனேஜர் தலையைக் குனிந்துகொண்டார். அது உண்மை என்பது அறையில் இருந்தவர்களிலேயே அவருக்குத்தான் மிக நன்றாகத் தெரியும்.

கெர்னல்காரர் சில்லை மாற்றினார். பட்டனை அழுத்தினார். அத்தை இன்னொரு லேபிள் அடித்தார். குறிப்புக் கட்டத்தில் ஒன்றுமே இல்லை. நிதானம் அந்த ஒன்றுமில்லாததைச் சற்று நேரம் ரசித்துப் பார்த்தார்.

வெளியே வேனின் ஹாரன் அடித்தது. மணி மூன்று ஐம்பத்திரண்டு.

மேனேஜர் துள்ளி எழுந்து மூட்டைகள் பக்கம் ஓடினார். தலைமை அலுவலகப் பையின் வாயில் ஈய முத்திரை வைத்தாகிவிட்டது. அவர் அதைப் பிய்க்கப் போனபோது மூட்டை தூக்குகிறவர் நடுவில் வந்து நின்றார். பதிவு செய்த உறையை முத்திரை உடைத்து எடுக்கவேண்டும் என்றால் மீட்புப் படிவம் வேண்டும், அதில் லேபிள் கவுண்டர் கையெழுத்து வேண்டும், உறையை அனுப்பியவரே பொதுமக்கள் பக்கம் வந்து நின்று படிவத்தைத் தரவேண்டும், இது சார் போட்ட விதிதானே என்று பணிவாக நினைவுபடுத்தினார்.

மேனேஜர் பக்கவாட்டுக் கதவு வழியாக வெளியே போய், வாசலைச் சுற்றி, கம்பித் தடுப்புக்குள் வளைந்து வளைந்து நடந்து, கவுண்டருக்கு வெளியே வந்து நின்றார். அத்தை ஒரு படிவத்தைத் தள்ளினார்.

"அந்த உறைக்கும் லேபிள் நான்தான் ஒட்டினேன்" என்றார். "யாருக்குன்னு தெரிஞ்சுதான் ஒட்டினேன். கோணலா இருக்கான்னு பாருங்க, இருக்காது."

மேனேஜர் பெயர் எழுதினார், பதிவு எண் எழுதினார். 'மீட்பதற்கான காரணம்' என்ற இடத்தில், நிர்வாகக் காரணங்களால் என்று எழுதித் திருப்பித் தந்தார். ஹாரன் மறுபடி அடித்தது. அரட்டை வாசலுக்கு ஓடி, வேனுக்கு முன்னால் போய் நின்றுகொண்டு ஓட்டுநரிடம் எதையோ பேச ஆரம்பித்தான். அவன் பேச்சு முதல் தடவையாக ஒரு பொதுக் காரியத்துக்குப் பயன்பட்டது.

அத்தை படிவத்தைப் படித்தார். காரணத்தின் மேல் ஒரு கோடு போட்டுத் திரும்பத் தள்ளினார்.

"படிக்கிறவங்களுக்குப் புரியற மாதிரி எழுதுங்க சார்."

மேனேஜர் பேனாவை எடுத்தார். மூன்று வாரமாகப் பக்கம் பக்கமாக எழுதியவருக்கு இப்போது வார்த்தை வரவில்லை. மூன்று ஐம்பத்தெட்டு. குனிந்து எழுதினார். 'உறையில் உள்ளது உண்மையல்ல. தவறு என்னுடையது.'

அத்தை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுவதும் படித்தார். கையெழுத்துப் போட்டார். முத்திரை குத்தினார். மூட்டை தூக்குகிறவர் கொண்டுவந்த பையின் ஈயத்தைக் கத்தரியால் வெட்டி, உறையைத் தேடி எடுத்து, லேபிளின் மேல் குறுக்காக 'மீட்கப்பட்டது' என்று எழுதி, கம்பிக்குக் கீழே நீட்டினார். மேனேஜர் அதை வாங்கிக்கொண்டு அங்கேயே நின்றார்.

"அடுத்து" என்றார் அத்தை.

மேனேஜருக்குப் பின்னால் வரிசையில் யாருமே இல்லை.